ட்ரொண்ட்ஹெய்மில் பிறந்த மணி

உயிரியல் ஆய்வகங்களில் அன்றாடம் கையாளப்படும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஒரு மில்லிலிட்டர் பழுப்பு நிறத் திரவம். குழாயின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்தால் பழுப்பு மெல்ல நகரத் தொடங்கும். ஒன்றிரண்டு நிமிடங்களில் முழுவதும் காந்தப் பக்கச் சுவரில் திட்டாக ஒட்டிக்கொள்ளும்; மீதித் தண்ணீர் தெளிந்து நிற்கும். காந்தத்தை எடுத்துவிட்டுக் குழாயை இரண்டு தடவை கவிழ்த்து நிமிர்த்தினால் திட்டு கலைந்து பழையபடி பழுப்புத் திரவம் ஆகிவிடும். மறுபடி காந்தம் வைத்தால் மறுபடி திட்டு. எத்தனை தடவை செய்தாலும் இப்படித்தான்.

அந்தப் பழுப்பு சாயம் அல்ல. ஒவ்வொன்றும் 4.5 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை மணிகளின் கூட்டம் அது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நம் ரத்தத்தின் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் இருக்கும். ஆக, சிவப்பணுவை விடவும் சிறிய மணி. ஒரு மில்லிலிட்டரில் சுமார் 40 கோடி மணிகள். அத்தனையும் ஒரே அளவு. கரையாமல் திரவத்தில் மிதந்தலையும் இத்தகைய நுண்துகள் கூட்டத்தைக் கூழ்மம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம்.

இந்த மணி நார்வேயில் பிறந்தது. லண்டனில் புற்றுநோய் வந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜைக்குள் போனது. ஜெர்மனியில் ஒரு நீர்த்துளியின் அடியில் படுத்துக்கொண்டு, படிகம் எப்படி உருகுகிறது என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. இதன் உறவுக்கார மணிகள் விண்வெளி நிலையம் வரை போய்வந்தன. யாரும் கையால் எடுத்து அடுக்காமல், காந்தப்புலம் ஒன்றைப் போட்டவுடன் கோடிக்கணக்கான துகள்கள் தாமாகவே வரிசைகளாகவும் அறுகோண அமைப்புகளாகவும் ஒழுங்குபடுவதை இன்று அறிவியல் உலகம் தீவிரமாக ஆராய்கிறது. அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி இத்தகைய மணிகளின் முதுகில் ஏறித்தான் வந்தது. எனக்கு இந்தக் கதை பிடித்திருப்பதற்குக் காரணம், மணியின் இரண்டே இரண்டு குணங்கள். ஒன்று, எல்லாம் ஒரே அளவாக இருப்பது. இன்னொன்று, காந்தம் விலகியதும் பிடியை விட்டுவிடுவது. மருத்துவருக்குத் தேவைப்பட்டதும் இவைதாம், இயற்பியலாளருக்குத் தேவைப்பட்டதும் இவைதாம்.

ஒரே அளவு என்ற ஆசை மணிக்கும் முந்தையது. 1947 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டௌ கெமிக்கல் நிறுவனம் தயாரித்த பாலிஸ்டைரீன் லேட்டக்ஸ் ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உருண்டைகள் எல்லாம் கால் மைக்ரான் அளவில் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோல இருந்தன. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பெயின்ட் தொழிலுக்கான ஆராய்ச்சி நடந்த காலத்தில் அமைந்துவிட்ட பாக்கியம். நுண்ணோக்கியில் தெரியும் பொருள் எத்தனை பெரிது என்று அளக்க ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதை வாங்கிப் பயன்படுத்தின.

சிறிய உருண்டை சரி, பெரியது வேண்டுமென்றால்? அங்கேதான் சிக்கல். உருண்டைகள் வளர்ந்து சில மைக்ரான் அளவைத் தொட்டதும் புவியீர்ப்பு குறுக்கே வருகிறது. பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான ஸ்டைரீன் திரவத்தை உறிஞ்சியிருக்கும் நிலையில் அவை தண்ணீரை விட லேசானவை. மேலே மிதந்து பாலாடைபோலத் திரளும். வினை முடிந்து கெட்டியானதும் கனமாகி அடியில் படியும். படியாமல் இருக்க வேகமாகக் கலக்கினால் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக் கட்டிதட்டும். ரத்த அணுக்களை எண்ணும் கருவிகளைச் சரிபார்க்க 10 மைக்ரான் மணிகள் தேவைப்பட்டன, தரமானது கிடைக்கவில்லை.

லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் வாண்டர்ஹாஃப் இதற்கு ஒரு தீர்வு சொன்னார். எடையின்மையில் தயாரித்தால் மிதப்பதும் இல்லை, படிவதும் இல்லை; எனவே விண்வெளிக்குப் போவோம். நாசா அதை ஏற்றது. 1982 மார்ச்சில் கொலம்பியா விண்ணோடத்தின் மூன்றாவது பயணத்தில் இதற்கான லேட்டக்ஸ் உலை முதன்முதலாகப் பறந்தது. அடுத்தடுத்த பயணங்களில் 10 மைக்ரான் மணிகள் தயாராயின. 1985இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பு அவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்து விற்பனைக்கு விட்டது. விண்வெளியில் செய்து பூமியில் விற்கப்பட்ட முதல் சரக்கு இந்த உருண்டைகள்தாம்.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் முன்பே, 1970களின் பிற்பகுதியில், நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்தில் ஒருவர் அதைத் தரையிலேயே செய்து முடித்திருந்தார்.

அவர் ஜான் உகெல்ஸ்டாட். 1921இல் அதே நகரத்தில் பிறந்தவர்; அங்கிருந்த நார்வேத் தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில் வேதியியல் பேராசிரியர். அவர் புவியீர்ப்போடு மல்லுக்கட்டவில்லை. உருண்டை ஏன் ஓர் அளவுக்கு மேல் வீங்க மறுக்கிறது என்று யோசித்தார். சாதாரண பாலிமர் உருண்டையை ஸ்டைரீனில் ஊறவிட்டால் தன் கன அளவைப் போலச் சில மடங்குதான் உறிஞ்சும். அதற்குமேல் பசி அடங்கிவிடும். பாலிமர்ச் சங்கிலி மிக நீளமானது, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. வெளியிலிருக்கும் திரவத்தை உள்ளே இழுக்கும் விசை, உள்ளே எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சில நீண்ட சங்கிலிகள் அவ்வளவாக இழுக்காது. ஆகவே உகெல்ஸ்டாட் முதல் கட்டமாக, தண்ணீரில் அறவே கரையாத, சிறிய மூலக்கூறு கொண்ட எண்ணெய்ப் பொருள் ஒன்றைக் கொஞ்சம் உருண்டைக்குள் செலுத்தினார். சிறிய மூலக்கூறு என்பதால் கொஞ்சத்திலேயே எண்ணிக்கை ஏராளம். தண்ணீரில் கரையாததால் வெளியேறவும் வழியில்லை. அப்புறம் ஸ்டைரீனைக் கொடுத்தால் உருண்டை தன் கன அளவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக உறிஞ்சி வீங்கியது. தொடக்க உருண்டைகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் எல்லாம் ஒரே அளவுக்கு வீங்கின. பிறகு சூடாக்கிக் கெட்டிப்படுத்தினால் போதும். நிறைய கலக்க வேண்டியதில்லை, பல கட்டங்களாக வளர்க்க வேண்டியதுமில்லை. விண்வெளிக்குப் போகாமல் பெரிய மணி கிடைத்துவிட்டது.

வேதியியலில் இதைவிட அழகான தந்திரங்கள் குறைவு என்பேன். பூமியின் இழுப்பை ஒழிக்க ராக்கெட் தேடியவர்களுக்கு நடுவே, உருண்டையின் உள்ளிருக்கும் கணக்கை மாற்றியே அவர் வழி கண்டார்.

இதுவரை மணிக்குக் காந்தம் இல்லை. அது 1980களின் தொடக்கத்தில் சேர்ந்தது. வீங்கும் கட்டத்திலேயே, பின்னால் கழுவி எடுத்துவிடக்கூடிய கரைப்பானைக் கலந்து மணியைச் செய்தால், கரைப்பான் போன இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். அந்தத் துளைகளின் சுவர்களில் இரும்பை ஈர்க்கும் வேதித் தொகுதிகளைப் பதித்துவிட்டு இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்தார்கள். உள்ளே போன இரும்பு அங்கேயே ஆக்சைடாக, சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள தனித்தனிக் குருணைகளாகப் படிந்தது. பிறகு துளைகளைப் பாலிமரால் அடைத்துவிட்டார்கள். பழுப்பு நிறம் இந்த ஆக்சைடின் நிறம்தான்.

குருணை ஏன் அவ்வளவு பொடியாக இருக்க வேண்டும்? மணியின் எதிர்காலம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பெரிய இரும்பு ஆக்சைடுத் துண்டைக் காந்தமாக்கினால் காந்தமாகவே நிற்கும். அப்படி ஒரு துண்டு மணிக்குள் இருந்தால், புறக்காந்தத்தை எடுத்த பின்னும் மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டிதட்டிவிடும்; எத்தனை குலுக்கினாலும் பிரியாது. 10 நானோமீட்டர் குருணையின் கதை வேறு. அறை வெப்பநிலையின் சாதாரண அதிர்வே அதன் காந்தத் திசையை நொடிக்குள் கோடிக்கணக்கான தடவை புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும். சராசரி சுழியம். வெளியிலிருந்து காந்தப்புலம் வந்தால் எல்லாக் குருணைகளும் அத்திசைக்குத் திரும்பி மணி வலுவான காந்தமாகிவிடும். புலம் போனால் உடனே பழைய குழப்பத்துக்குத் திரும்பிவிடும். இதற்கு மீப்பாராகாந்தம் என்று பெயர். முதலில் பார்த்த குழாயில் திட்டு கலைந்து பழையபடி திரவமானது இதனால்தான்.

அதே காலத்தில் லண்டனில் ஜான் கெம்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். மிகக் கடுமையான மருந்து கொடுத்தால் கட்டி அழியும். கூடவே எலும்பு மஜ்ஜையும் அழியும். ஆகவே சிகிச்சைக்கு முன்பே குழந்தையின் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பச் செலுத்த வேண்டும். ஆனால் எடுத்த மஜ்ஜையிலேயே புற்றணுக்கள் ஒளிந்திருக்கும். அவற்றை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது? புற்றணுவின் மேற்பரப்பை அடையாளம் கண்டு ஒட்டும் எதிர்ப்பொருள்களை மணிகளின் மேல் பூசி மஜ்ஜையில் கலந்தார்கள். மணிகள் புற்றணுக்களில் ஒட்டின. மஜ்ஜையைக் காந்தங்களைத் தாண்டி ஓடவிட்டபோது மணியும் அதில் ஒட்டிய அணுவும் நின்றுவிட்டன. மீதி தெளிந்து போனது. 1984 ஜனவரியில் லான்செட் இதழில் இந்த முறை வெளியானது. கட்டுரை ஆசிரியர்கள் பட்டியலில் உகெல்ஸ்டாட்டும் இருந்தார்.

இந்தச் சிகிச்சையின் பின்கதையையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுமம் பெரிய அளவில் ஒரு சோதனை நடத்தியது. காந்தமணியால் சுத்திகரித்த ரத்தக் குருத்தணுக்களைப் பெற்ற குழந்தைகளையும் சுத்திகரிக்காததைப் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிழைப்பு விகிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் அந்த முடிவு வெளியானது. நோய் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் திருப்பிச் செலுத்திய அணுக்களில் இல்லை, உடம்பிலேயே மிஞ்சியிருந்த புற்றணுக்களில் இருந்தது என்று கருத இடமிருக்கிறது. மணி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நோய் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குள் மணிக்கு வேறு நூறு வேலைகள் வந்துவிட்டன. 1986இல் டைனல் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. டைனபீட்ஸ் என்ற பெயரில் மணிகள் உலகச் சந்தைக்கு வந்தன. 4.5, 2.8, 1 மைக்ரான் என்று அளவுகள். உயிரணுக்களைப் பிரிக்க, டிஎன்ஏவைப் பிரிக்க, கிருமியைப் பிடிக்க எனப் பலவிதப் பூச்சுகள். இன்று ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கார்-டி சிகிச்சையில், நோயாளியின் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களை உடம்புக்கு வெளியே தூண்டிப் பெருக்கப் பயன்படுவதும் இந்த வகை மணிதான். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி மருந்தின் தயாரிப்பில் அது உண்டு. அணுக்கள் பெருகிய பிறகு காந்தத்தால் மணிகளை வெளியே எடுத்துவிட்டு, அணுக்களை மட்டும் நோயாளிக்குச் செலுத்துவார்கள். கொரோனாக் காலத்தில் ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்காக மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்என்ஏவைப் பிரித்த தானியங்கி எந்திரங்களிலும் காந்தத் துகள்கள்தாம் ஓடின.

மருத்துவ ஆய்வகத்தில் இந்த மணிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். காந்தத்துக்குப் பக்கத்தில் மணிகள் வெறுமனே இழுபட்டுப் போவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சரம் கோத்துக்கொண்டு போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் புலத்தின் திசையில் நேர்நேராக மணிச்சரங்கள் நீந்துவது தெரியும். உயிரணுக்களைப் பிரிக்கிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இயற்பியலாளருக்கு அதுதான் விஷயமே.

புலத்தில் வைத்த ஒவ்வொரு மணியும் வடக்கு, தெற்கு என்று இரு முனை கொண்ட குட்டிக் காந்தம். இரண்டு மணிகள் புலத்தின் திசையில் முன்னும் பின்னுமாக நின்றால் ஒன்றின் வடக்கு மற்றதன் தெற்கைப் பார்க்கும், ஈர்ப்பு. பக்கத்துப் பக்கத்தில் நின்றால் விலக்கம். இடையில் சுமார் 55 பாகைச் சாய்வில் ஈர்ப்பும் இல்லை, விலக்கமும் இல்லை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எத்தனை வடிவங்கள் வருகின்றன என்பதுதான் ஆச்சரியம். புலம் படுக்கையாக இருந்தால் சரங்கள். மணிகளை ஒரே தளத்தில் பரப்பி, புலத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் எல்லாம் எல்லாவற்றையும் விலக்கும். கூட்டத்தில் அகப்பட்ட மணிகள் ஒன்றிலிருந்தொன்று முடிந்தவரை தள்ளி நிற்கப் பார்க்கும். அப்படித் தள்ளி நிற்கிற நிலைதான் முக்கோண வலை: ஒவ்வொரு மணியைச் சுற்றிலும் சம தூரத்தில் ஆறு மணிகள். பழக்கடையில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குகிறவர் ஒரே அளவுப் பழமாகப் பொறுக்குவார். நடுவில் ஒன்று பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் அங்கிருந்து அடுக்கு குலையத் தொடங்கும். மணிகளின் வலைக்கும் அதே நிபந்தனை. உகெல்ஸ்டாட்டின் வீக்கத் தந்திரம் இல்லையென்றால் இந்த வலை ஏது?

முதலில் அதைச் செய்து காட்டியவரும் நார்வேக்காரர்தான். ஆர்னே ஷெல்டார்ப், கெல்லரில் உள்ள ஆற்றல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்டது காந்தமே இல்லாத வெறும் பாலிஸ்டைரீன் மணிகள். அவற்றைக் காந்தத் திரவத்தில், அதாவது நாசா பொறியாளர் ஸ்டீவ் பாபெல் 1960களில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்கலாமா என்று யோசித்து உருவாக்கிய கறுப்புத் திரவ வகையில் போட்டு, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக அடைத்தார். சுற்றிலும் திரவம் காந்தமாக, மணி இருக்கும் இடத்தில் மட்டும் காந்தம் இல்லை. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி மேலேறுவதைப் போல, அந்த இல்லாமையே எதிர்த்திசைக் காந்தமாக வேலை செய்தது. இவற்றுக்குக் காந்தத் துளைகள் என்று பெயர் வைத்தார். புலத்தைத் திருப்பத் திருப்பச் சரங்களும் முக்கோண வலைகளும் மாறிமாறி வந்தன. 1983இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் அது வெளியானது.

அடுத்த பெரிய நிறுத்தம் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம். கெயோர்க் மாரெட் தலைமையிலான குழு அங்கே மிகவும் பழைய சண்டை ஒன்றைத் தீர்க்கப் புறப்பட்டது. பனிக்கட்டி உருகினால் நேராகத் தண்ணீர். நடுவில் வேறு நிலை இல்லை. ஒரே ஒரு அணு அடுக்கு கொண்ட தட்டைப் படிகம் உருகினால்? 1970களில் கோஸ்டர்லிட்ஸ், தௌலெஸ், ஹால்பெரின், நெல்சன், யங் ஆகியோரின் கோட்பாடு வேறு விதமாகச் சொன்னது. அங்கே உருகுவது இரண்டு படிகளில் நடக்கும். இரண்டுக்கும் நடுவே திடமும் அல்லாத, திரவமும் அல்லாத ஒரு நிலை இருக்கும். அந்த நிலையில் துகள்கள் இடம்விட்டு இடம் ஓடும், ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றிய ஆறு திசைகள் நெடுந்தூரம் வரை ஒத்துப்போகும். ஹெக்ஸாடிக் என்பது அதன் பெயர். இருபது ஆண்டுகளாகப் பலரும் பல பொருள்களில் சோதித்துப் பார்த்தார்கள்; உண்டு என்றவர்களும் இல்லை என்றவர்களும் இருந்தார்கள்.

கான்ஸ்டன்ஸ் குழு செய்த ஏற்பாட்டை விவரமாகச் சொல்லத்தான் வேண்டும். 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்திலிருந்து நீர்த்துளி ஒன்று தொங்குகிறது. அதற்குள் நம் 4.5 மைக்ரான் மணிகள். மணி தண்ணீரை விட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் எல்லாம் துளியின் அடிப்பரப்புக்கு இறங்கி, தண்ணீரும் காற்றும் சந்திக்கும் அந்த விளிம்பில் ஒரே அடுக்காகப் படுத்துவிடும். கீழே கண்ணாடி இல்லை, உரசலோ ஒட்டலோ இல்லை. துளி சற்றே உப்பினால் மணிகள் நடுவில் சேரும். சற்றே சுருங்கினால் ஓரத்துக்கு ஓடும். ஆகவே தண்ணீரின் அளவை ஓயாமல் கண்காணித்து, பரப்பு துல்லியமாகத் தட்டையாக இருக்கும்படி சரிசெய்துகொண்டே இருந்தார்கள். மேலிருந்து கீழாகக் காந்தப்புலம். கேமரா எல்லா நேரமும் படம் பிடிக்கிறது. கணினி ஒவ்வொரு மணியின் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு, உருக வைக்கச் சூடாக்கத் தேவையே இல்லை என்பது. மணிகளின் தள்ளுவிசைக்கும் வெப்ப அதிர்வுக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். புலத்தைக் கூட்டினால் விசை மேலோங்கும், படிகம் உறையும். புலத்தைக் குறைத்தால் அதிர்வு மேலோங்கும், படிகம் உருகும். வெப்பநிலை அப்படியே இருக்க, மின்சாரக் குமிழைத் திருப்பியே உருக்கவும் உறையவைக்கவும் முடிந்தது. சான், லெங்கே, மாரெட் மூவரும் 1999இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த விகிதம் சுமார் 60க்குக் கீழே இறங்கியதும் படிகம் தன் இட ஒழுங்கை இழந்தது. சுமார் 57க்குக் கீழே போனதும் திசை ஒழுங்கையும் இழந்தது. நடுவில் அந்த ஒடுக்கமான இடைவெளியில் ஹெக்ஸாடிக் இருந்தது. படிகத்தில் சில மணிகளுக்கு ஐந்து அண்டைகளும் பக்கத்து மணிகளுக்கு ஏழு அண்டைகளும் அமைந்து, அந்த ஐந்தும் ஏழும் இணையாகப் பிறந்து பிரிந்து ஒழுங்கைக் குலைப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அணுக்களாக இருந்தால் அவற்றை இப்படி ஒவ்வொன்றாகப் பின்தொடர யாரால் முடியும்? தௌலெஸும் கோஸ்டர்லிட்ஸும் 2016இல் நோபல் பரிசு பெற்றபோது, புற்றணுவைப் பிடிக்கச் செய்யப்பட்ட ஒரு பிளாஸ்டிக் மணி அவர்களுடைய கோட்பாட்டுக்குச் சாட்சி சொல்லியிருந்தது.

தரையிலேயே செய்ய முடிந்ததால் விண்வெளிக்குப் போகும் தேவை இல்லாமல்போன மணிக்கு, வேறொரு காரணத்துக்காக விண்வெளிப் பயணம் வாய்த்தது. சரங்களாகக் கோத்த மணிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து தடிமனான தூண்களாகும். பூமியில் அதற்குள் எடை தாங்காமல் எல்லாம் அடியில் படிந்துவிடும். எனவே ஆலிஸ் காஸ்ட், எரிக் ஃபர்ஸ்ட் ஆகியோர் இதே வகை மணிகளைச் சிறு கண்ணாடிக் கலங்களில் அடைத்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். இன்ஸ்பேஸ் என்ற அந்தச் சோதனையை நிலையத்தில் இருந்த வீரர்கள் ஒவ்வொருவராகக் கைமாற்றி நடத்தினார்கள். 2012இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் பெக்கி விட்ஸன், கொய்ச்சி வகாட்டா உள்ளிட்ட வீரர்களின் பெயர்களும் இருக்கின்றன.

அங்கே கண்டது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. புலத்தை விடாமல் போட்டுவைத்தால் மணிகள் சட்டென்று சரங்களாகி, சரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒரு வலையாகி, அப்படியே சிக்கி நின்றுவிடுகின்றன. அதைவிட நல்ல ஒழுங்கு சாத்தியம் என்றாலும் அங்கே போக வழியில்லை; ஒவ்வொரு மணியையும் பக்கத்து மணிகள் இறுகப் பிடித்திருக்கின்றன. புலத்தை நொடிக்குச் சில தடவை போட்டுப் போட்டு நிறுத்தினால் நிலைமை மாறுகிறது. நிறுத்திய கணங்களில் மணிகள் பிடியை விட்டு வெப்ப அதிர்வில் சற்றே அலைகின்றன. மறுபடி புலம் வரும்போது இன்னும் கொஞ்சம் நல்ல இடத்தில் போய் நிற்கின்றன. வலை மெல்லத் தளர்ந்து, புலத்தின் திசையில் தனித்தனித் தூண்களாகத் திரள்கிறது. விடாமல் இழுப்பதால் வராத ஒழுங்கு, விட்டுவிட்டு இழுப்பதால் வருகிறது. காந்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் துகளாக இருந்தால் இது நடந்தே இருக்காது. குழந்தையின் மஜ்ஜையிலிருந்து புற்றணுவைப் பிரித்து எடுக்க எது உதவியதோ அதே மறதிதான் இங்கேயும் உதவியது.

சரங்கள் வேறு வேலைகளுக்கும் போயின. 2005இல் பாரிஸில் ஜெரோம் பிபெட் குழுவினர் 1 மைக்ரான் காந்தத் துகள்களைச் சரமாக்கி, அடுத்தடுத்த துகள்களை டிஎன்ஏ இழைகளால் கட்டி, ஒரு நுனியைச் சிவப்பணுவில் பிணைத்தார்கள். மாறிமாறி ஆடும் புலத்தில் சரம் வாலாக அடித்து, சிவப்பணுவை இழுத்துக்கொண்டு நீந்தியது. நம் ஊரில், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஜான் பிலிப் குழுவினர் மணிக்குப் பதிலாகக் காந்தத் திரவத்தின் நுண்துளிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வேலை செய்கிறார்கள். துளிகள் சரமாகக் கோக்கும்போது அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஒளியின் அலைநீள அளவில் வந்துவிடுவதால் திரவம் நிறம் காட்டும். புலத்தைக் கூட்டினால் தூரம் குறைந்து நிறம் மாறும். 2012இல் அவர்கள் இதை இரும்புப் பாகங்களில் விரிசல் தேடப் பயன்படுத்திக் காட்டினார்கள். காந்தமாக்கிய எஃகின் மேல் அந்தத் திரவத்தின் மெல்லிய படலத்தை வைத்தால், உள்ளே விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து, அங்கே மட்டும் துளிகள் சரமாகி நிறமாகத் தெரியும். அணு உலைச் சாதனங்களைக் கண்காணிக்க வேண்டிய நிறுவனத்துக்கு இது எத்தனை பொருத்தமான கருவி!

கான்ஸ்டன்ஸில் தொங்கிய அந்தத் துளி அதற்குப் பிறகும் ஓயவில்லை. பிரபஞ்சம் பிறந்து வேகமாகக் குளிர்ந்தபோது, ஒன்றுக்கொன்று சேதி அனுப்ப நேரமில்லாத தொலைவில் இருந்த பகுதிகள் தனித்தனியாகத் தம் ஒழுங்கைத் தேர்ந்துகொண்டிருக்கும், அந்த ஒழுங்குகள் சந்திக்கும் எல்லைகளில் குறைகள் நிலைத்திருக்கும் என்று 1976இல் டாம் கிப்பிள் கணித்தார். 1985இல் வோய்ச்செக் சூரெக் அதை ஆய்வகப் பொருள்களுக்குக் கொண்டுவந்தார். பிரபஞ்சத்தைத் திரும்பக் குளிர்விக்க முடியாது. மணிகளை முடியும். பீட்டர் கைம், மாரெட் குழுவினர் திரவ நிலையிலிருந்த மணி அடுக்கின் மீது காந்தப்புலத்தை வெவ்வேறு வேகத்தில் உயர்த்தி உறைய வைத்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக உயர்த்தியபோது அடுக்கு வெவ்வேறு திசை நோக்கிய பல சிறு படிகத் துண்டுகளாக உறைந்தது. மிக மெதுவாக உயர்த்தியபோது துண்டுகள் பெரிதாயின. வேகத்துக்கும் துண்டின் அளவுக்கும் உள்ள உறவு, கிப்பிளும் சூரெக்கும் வகுத்த முறையில் கணக்கிட்டதோடு ஒத்துப்போனது.